ஞாயிற்றுக்கிழமைத் தீனி

கோபிசெட்டிபாளையத்தில் பெட்ரோல் பங்குக்குப் பின்னால் ஒரு சந்து. சந்தின் கடைசியில் ஒரு மாடி வீடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் படியேறுகிறவர்கள் அதோடு வாயை மூடிக்கொள்வார்கள். சாயங்காலம் விளக்கேற்றிய பிறகுதான் திறப்பார்கள். அக்கம்பக்கத்தார் அதற்கு ஊமை வீடு என்று பேர் வைத்திருந்தார்கள். மற்ற நாட்களில் அங்கே நடக்கிற பேச்சையும் சிரிப்பையும் கேட்டிருந்தால் அப்படி ஒரு பேர் வைக்க யாருக்கும் மனசு வந்திருக்காது.

அந்த வீட்டின் குரு கோதைநாயகி அம்மா. காவி கிடையாது, ருத்திராட்சம் கிடையாது. வாயல் சேலையும் மூக்குக்கண்ணாடியும்தான். சீடர்களில் மூத்தவர் சென்னியப்பன். குருவைவிட வயதில் பெரியவர். அதனால் குரு அவரை அண்ணா என்பார், அவர் குருவை அம்மா என்பார். இருவருக்கும் அதில் ஒரு குழப்பமும் இல்லை.

சென்னியப்பன் பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தவர். வாய் என்றால் அப்பேர்ப்பட்ட வாய். அவர் ஏறுகிறார் என்றால் டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கே வியர்க்கும். ஓய்வு பெற்ற பிறகு திட்டுவதற்குப் பயணிகள் இல்லாமல் போகவே, வீட்டில் இருப்பவர்களைத் திட்டினார். மனைவி இறந்த வருஷத்தில் ஒருநாள், மகள் சுகந்தியைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். என்ன வார்த்தை என்று இங்கே எழுத வேண்டாம். சுகந்தி பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். அப்புறம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"இந்த வாயைக் கட்டோணுங்கம்மா" என்று அழுதுகொண்டேதான் அவர் முதல்முதலாக அந்த மாடிப்படி ஏறினார்.

"ஒரு வருசம், ஞாயித்துக்கிழமை மட்டும் பேசாம இருந்து பாருங்ணா. அதுக்கப்புறம் தீட்சையைப் பத்திப் பேசலாம்" என்றார் குரு.

தீட்சை என்றால் பெரிய சடங்கு இல்லை. ஒரு முழம் பூ, காதோரம் ஒரு சொல், அவ்வளவுதான். ஆனால் சென்னியப்பனுக்கு அது உயிராக இருந்தது. தீட்சை வாங்கிவிட்டால் தன் வாய் திருந்திவிட்டது என்று தனக்கே நம்பிக்கை வரும். அந்தத் தைரியத்தில் மகள் வீட்டு வாசலில் போய் நிற்கலாம் என்று நினைத்தார்.

எடுத்த காரியத்தை அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை அவர். சமையல் பார்க்கும் பூங்கொடி ஒரு ஞாயிறு அன்று உப்பு டப்பா எங்கே என்று கையை ஆட்டிக் கேட்டாள். சென்னியப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் குருவிடம் சொன்னார்.

"சைகையும் பேச்சுதானுங்கம்மா. வாய் பண்ற வேலையைக் கை பண்ணுது. நான் சைகையையும் விட்டுட்டனுங்க."

"அப்படீங்களா" என்றார் குரு.

கொஞ்ச நாள் கழித்து மறுபடி வந்தார்.

"எந்திரிச்சு நடமாடறதும் பேச்சுதானுங்கம்மா. ஜன்னலைச் சாத்துனா, காத்து வேண்டாம்னு நாலு பேருக்குச் சொன்ன மாதிரிதானுங்க. இனி உக்காந்த இடத்தை விட்டு எந்திரிக்கிறதில்லைங்க."

"அப்படீங்களா" என்றார் குரு, இந்தத் தடவையும்.

சென்னியப்பன் இரண்டையும் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

கூடத்தில் ஒரு மீன்தொட்டி இருந்தது. மாற்றலாகிப் போன ஒரு குடும்பம் விட்டுவிட்டுப் போனது. உள்ளே கப்பி மீன்கள். கப்பி, முட்டையிடுகிற மீன் இல்லை, குஞ்சாகவே போடும். போட்ட கையோடு மறந்தும் போகும். எதிரே வருவது தான் பெற்றதா, தனக்கு வந்த தீனியா என்றெல்லாம் யோசிக்காமல் விழுங்கிவிடும்.

குரு சொன்ன ஒரு வருஷம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது சென்னியப்பன் தொட்டிப் பாசிக்குள் குஞ்சுகளைப் பார்த்தார். கண் மட்டும்தான் தெரிந்தது. மற்றதெல்லாம் கண்ணாடித் துணுக்கு. டீ வடிகட்டியால் ஒவ்வொன்றாக அள்ளி, ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டு, ஜன்னல் கட்டையில் வைத்தார். அன்றிலிருந்து அவர்தான் அவற்றுக்குத் தாயும் தகப்பனும். மீன் தீனியை விரலால் நசுக்கித் தூளாக்கிப் போட்டார். வெந்த முட்டையின் மஞ்சள் கருவும் வேண்டும் என்றார்.

"சைவ வீட்டுலயா?" என்று பூங்கொடி வாயில் கையை வைத்தாள்.

"நாமதானே சைவம். குஞ்சுக கிட்ட யாராச்சும் கேட்டீங்களா?" என்றார் குரு. முட்டை புழக்கடையில் ஒரு பழைய போசியில் வெந்தது.

கிண்ணத்தின் பக்கத்தில் ஒரு மூடியில் மஞ்சள் கருவும் ஒரு தீக்குச்சியும் இருக்கும். வருகிறவர்களுக்கெல்லாம் சென்னியப்பன் பாடம் எடுத்தார்.

"அதுங்க வயிறு அதுங்க கண்ணு அளவுதானுங்க. குச்சி முனையில ஒட்டுற அளவு போதும். மிச்சம் கிடந்தா தண்ணி கெட்டுப்போயிரும். தண்ணி கெட்டா மூச்சு முட்டிச் செத்துப்போயிருமுங்க."

எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். அளவில் யாரும் தப்பு செய்யவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த வருஷத்தின் கடைசி ஞாயிறு வந்தது. சாயங்காலம் தீட்சை. பூங்கொடி முந்தின நாளே மல்லிகை சொல்லி வைத்திருந்தாள். சென்னியப்பன் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, குஞ்சுகளுக்குக் குச்சி முனையில் தீனி வைத்துவிட்டு, ஜன்னல் பக்கத்திலேயே பாய் போட்டு உட்கார்ந்தார். விளக்கேற்றும்வரை எழுவதில்லை.

குரு அந்த வழியாகப் போனார். நிழல் பட்டதும் குஞ்சுகள் மேலே ஓடி வந்தன. கப்பிக் குஞ்சுக்கு அது பழக்கம். இப்போதுதான் தின்றிருந்தாலும், பிறந்ததிலிருந்து பட்டினி என்று முகத்தை வைத்துக்கொள்ளும். குருவுக்கு மனசு கேட்கவில்லை. குச்சி முனையில் கொஞ்சம் தொட்டு வைத்துவிட்டுப் போனார்.

ஒரு தடவை கூடினால் பரவாயில்லை என்று சென்னியப்பன் நினைத்தார்.

பூங்கொடி வந்தாள். அவளும் குச்சி முனையில் வைத்தாள். உரக்கடை திருமூர்த்தி வந்தார். இளகின மனசுக்காரர். ஒரு தடவை வைத்துவிட்டு நாலடி போனவர், திரும்பி வந்து இன்னொரு தடவை வைத்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் சும்மா போகவில்லை. நான் போட்டுவிட்டேன் என்று அடுத்தவருக்குச் சொல்ல அந்த வீட்டில் அன்று யாருக்கும் வாய் இல்லை. குச்சியை எடுக்குமுன் ஒவ்வொருவரும் சென்னியப்பன் முகத்தை ஒரு பார்வை பார்த்தார்கள். அவர் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். வளர்க்கிறவரே பக்கத்தில் சும்மா இருக்கிறார் என்றால், போடலாம் என்றுதானே அர்த்தம்.

மத்தியானத்துக்குள் தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெளுத்தது. குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அதைப் பார்த்த திருமூர்த்தி, ஐயோ பாவம், இன்னும் பசி ஆறவில்லை என்று மூன்றாம் முறையாகக் குச்சியைத் தொட்டார்.

அது பசி இல்லை, மூச்சு. சென்னியப்பனுக்குத் தெரியும். அந்த வீட்டில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். "போடாதீங்க" என்கிற சொல் தொண்டையைத் தாண்டி நாக்குக்கு வந்துவிட்டது. பல்லால் கடித்துக்கொண்டார். இன்னும் கொஞ்ச நேரம்தான், விளக்கேற்றின உடனே முதல் வேலையாகத் தண்ணீர் மாற்றிவிடலாம் என்று தனக்குத் தானே சமாதானம் சொன்னார். அவர் கல் மனசுக்காரர் இல்லை. அந்த நேரத்தில் அங்கே அவரைவிட வேதனைப்பட்டவர் யாரும் கிடையாது.

ஒரு குஞ்சு மல்லாந்தது. பிறகு இன்னொன்று.

குரு தண்ணீர் குடிக்க அறையிலிருந்து வெளியே வந்தவர், கிண்ணத்தைப் பார்த்தார்.

"ஐயோ, குஞ்சு சாகுது! பூங்கொடி, வாளியைக் கொண்டா, ஓடு!"

ஊமை வீட்டில் பாத்திரம் விழுந்த மாதிரி எல்லோரும் தூக்கிவாரிப்போட்டு எழுந்தார்கள். குருவே மௌனத்தைக் கலைத்துவிட்டாரே என்று வாயைப் பிளந்து நின்றவர்களும் உண்டு. குரு அதையெல்லாம் கவனிக்கவில்லை. புழக்கடையில் இரண்டு வாளி இருந்தது. ஒன்று சென்னியப்பன் முந்தின நாள் பிடித்து, மருந்து நெடி போக வைத்திருந்த தண்ணீர். இன்னொன்று காலையில் பிடித்த குழாய்த் தண்ணீர். பிளீச்சிங் பவுடர் கலந்தது, குஞ்சுக்கு ஆகாது.

"நேத்துப் பிடிச்சது எதுங்ணா?" என்று குரு சென்னியப்பனைப் பார்த்துக் கத்தினார்.

சென்னியப்பன் விளக்கைப் பார்த்தார். இன்னும் ஏற்றவில்லை. அவர் அசையவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் இறங்கியது.

பூங்கொடி குனிந்து இரண்டு வாளியையும் முகர்ந்து பார்த்து, சரியானதைத் தூக்கி வந்தாள். கலங்கல் தண்ணீரை வடிகட்டி வழியாக ஊற்றி, உயிரோடு மிஞ்சியதைப் புதுத் தண்ணீரில் விட்டார்கள். மிஞ்சியது கொஞ்சம்தான். மற்றவற்றைத் திருமூர்த்தி ஒரு வாழையிலைத் துண்டில் எடுத்துப்போய்க் கறிவேப்பிலைச் செடிக்கடியில் புதைத்தார். மண்ணைத் தள்ளும்போது அவர் விம்மினார்.

பொழுது சாய்ந்து விளக்கேற்றினார்கள். மல்லிகை தட்டில் இருந்தது. சென்னியப்பன் எழுந்து வந்து குருவின் எதிரே உட்கார்ந்தார். கால் மரத்துப்போயிருந்ததால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார்.

"அம்மா, வருசம் முடிஞ்சுதுங்க."

"ஆமாங்ணா."

"இன்னிக்கு நீங்களே பேசிட்டீங்க. நான் பேசலைங்க." குரலில் துக்கமும் இருந்தது, கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"பாத்தனுங்ணா. காலையில நான் தீனி வெச்சப்ப, நீங்க முன்னாலயே வெச்சுட்டீங்களா?"

"வெச்சுட்டனுங்க."

"அப்புறம் பூங்கொடி வெச்சப்ப?"

"பாத்துட்டேதான் இருந்தனுங்க."

"தண்ணி வெளுத்தப்ப?"

"சொல்லு சொல்லுன்னு மனசு கெடந்து அடிச்சுதுங்கம்மா. நாக்கைக் கடிச்சுட்டு உக்காந்திருந்தனுங்க. இதா பாருங்க."

நாக்கை நீட்டினார். பல் பட்ட இடத்தில் ரத்தம் கட்டியிருந்தது.

குரு மல்லிகைத் தட்டைத் தொடவில்லை. இதுவும் போதவில்லையோ என்று சென்னியப்பனுக்குப் பயம் வந்தது. யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை எடுத்து வைத்தார்.

"இன்னிக்கு மட்டும் இல்லைங்கம்மா. போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, இதே எடத்துல உக்காந்திருக்கறப்ப, சுகந்தி ஃபோன் பண்ணுனா. இத்தனை வருசத்துக்கு அப்புறம். ஃபோன் மடியில கெடந்து உதறுது. அவ பேரு தெரியுது. நின்னு, மறுக்கா உதறுச்சு. நான் தொடலைங்க."

"அப்புறம்?"

"மறுநாள் விடிஞ்சதும் நானே கூப்பிட்டனுங்க. அவ எடுக்கலை. இன்னி வரைக்கும் எடுக்கலைங்கம்மா."

குரு கேட்டார். அந்தக் குரலில் கோபமோ கேலியோ இல்லை. மீன் வளர்க்கிறவர் ஒருவர் இன்னொருவரிடம் விசாரிக்கிற மாதிரிதான் இருந்தது.

"உங்க மௌனம் நல்லா வளந்துருச்சுங்ணா. எதையெல்லாம் தீனியாப் போட்டு வளத்துனீங்க?"