கண்டாதிபதியின் மத்தியானச் சாப்பாடு

முன்னொரு காலத்தில், காலையில் குதிரை ஏறினால் அந்திக்குள் எல்லையைத் தொட்டுவிடக்கூடிய ஒரு சின்ன நாடு இருந்தது. அதன் ராஜா மகரந்தபூபதிக்குப் பட்டங்கள் என்றால் கொள்ளைப் பிரியம். தினமும் கட்டியக்காரன் அத்தனை பட்டங்களையும் சொல்லி முடித்த பிறகுதான் இலையில் கை வைப்பார். அவர் கை வைக்காமல் பந்தியில் வேறு யாரும் சாப்பிடக் கூடாது. அது அரண்மனை வழக்கம்.

ஒருநாள் கப்பல் வியாபாரி ஒருவன் வந்தான். "பூமியில் கடல் சூழ்ந்த பெருநிலங்கள் உண்டு, பிரபு. அவற்றைக் கண்டம் என்பார்கள். நம் கண்டத்தில் மட்டும் எத்தனையோ நாடுகள்" என்றான்.

"அதற்கு யார் ராஜா?"

"யாருமில்லை, பிரபு."

வந்தது வினை. "இனி நான் கண்டாதிபதி!" என்றார் மகரந்தபூபதி.

தளவாய் சிங்கராயருக்கு விகடகவி கொண்டையப்பனைக் கண்டாலே வயிற்றெரிச்சல். சமயம் பார்த்து, "கண்டத்தைப் பிடிக்கப் படை அனுப்பினால் வீண் செலவு, மகாராஜா. நாளை மத்தியானத்துக்குள் கொண்டையப்பனே பட்டத்தைச் சூட்டட்டும். முடியாவிட்டால் மொட்டையடித்து, பெண்டாட்டி பிள்ளைகளோடு நாடு கடத்திவிடலாம்" என்றார். ராஜாவும் தலையாட்டிவிட்டார். விஷயம் தெரிந்ததும் கொண்டையப்பன் மனைவி அழுதுகொண்டே சட்டிபானைகளை மூட்டை கட்டினாள்.

மறுநாள் பந்தியில் கட்டியக்காரனுக்குப் பதிலாகக் கொண்டையப்பனே எழுந்தான். "கண்டாதிபதி மகரந்தபூபதி பராக்!" ராஜா பூரித்துப்போய்ச் சாதத்துக்குக் கை நீட்டினார்.

"சற்றுப் பொறுங்கள், பிரபு. இன்னும் இருக்கிறது."

மேற்கே மலைநாட்டு ராஜாவின் பட்டங்களைச் சொன்னான். பிறகு அவருக்குப் பக்கத்து நாடு. பிறகு அதற்கும் பக்கத்து நாடு. நெய் உறைந்தது. அப்பளம் நமுத்துப்போனது.

"கண்டவன் பட்டமெல்லாம் என் இலைக்கு முன்னால் எதற்கடா?"

"பிரபு, கண்டம் என்பது நிலம். நாடுகள் அதன்மேல் மனிதர் போட்ட வேலிகள். நிலம் முழுவதும் தங்களுடையது என்றால், வேலிக்குள் இருக்கிற ராஜாக்களும் தங்கள் ஆட்கள். ஆளின் பட்டம் எஜமானரைத்தானே சேரும்? ஒன்றை விட்டாலும் கட்டியம் குறைபடும்."

தளவாய்க்குப் பசி பொறுக்கவில்லை. "நம் எல்லை ஆற்றோடு நிறுத்தித் தொலையேன்!"

"ஆறு கடல் இல்லையே, தளவாயாரே. மாடு முழங்கால் நனைத்துக் கடக்கிறது. ஆற்றோடு நிறுத்தினால் அது வெறும் நாடு."

"மிச்சம் எவ்வளவு?" ராஜா இலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"இப்போதுதான் இமயத்தைத் தாண்டுகிறோம், பிரபு. அந்தப் பக்கத்தில் பட்டங்களைப் பாட்டனாரிலிருந்து ஆரம்பிப்பார்களாம்."

ராஜா பரிதாபமாகப் பந்தியைப் பார்த்தார். தளவாயின் ஒரு கன்னம் மட்டும் வீங்கியிருந்தது. உள்ளே வடை.

"போதும்! எனக்கு என் நாடே போதும். சோறு, சோறு!"

"அப்படியானால் நான் தோற்றேனா, பிரபு? வீட்டில் மூட்டை தயாராக இருக்கிறது."

ராஜா புரையேறச் சிரித்தார். முத்துமாலையைக் கழற்றிக் கொண்டையப்பன் கழுத்தில் போட்டார். "மூட்டையை அவிழ்க்கச் சொல். எனக்கு முன்னால் வாய் வைத்த தளவாய்க்கு மட்டும் மிச்சக் கட்டியத்தைச் சொல்லி முடித்துவிட்டுச் சாப்பிட விடு."

சிங்கராயர் இலைக்கு முன்னால் உட்கார்ந்தே இருந்தார். விளக்கு வைக்கும் நேரமாகியும் கொண்டையப்பன் சீனத்தை எட்டவில்லை.