முளையைக் காட்டு, விதை தருகிறேன்

மலையடிவாரத்துக் காடு அது. அங்கே விதைக் களஞ்சியம் முழுக்க ஒரு கரடியின் வசம் இருந்தது. யார் விதைக்க வேண்டுமென்றாலும் கரடியிடம்தான் போய் நிற்க வேண்டும், குழந்தைகளே.

முன்பெல்லாம் அது வாரி வழங்கும். வாய் இனிக்க ஒரு கதை சொன்னால் போதும், மூட்டை கைக்கு வந்துவிடும். ஒருநாள் மயில் வந்து, "மேகத்தின்மேல் வயல் போடப் போகிறேன்" என்று தோகை விரித்து ஆடியது. கரடி சொக்கிப்போய்க் கேட்டதையெல்லாம் கொடுத்தது. மயில் அத்தனையையும் தின்றுவிட்டுப் பறந்தே போனது. அன்றிலிருந்து கரடி அடியோடு மாறிவிட்டது.

சிலும்பி என்றொரு முள்ளம்பன்றி, பாறைச் சரிவில் கல் பொறுக்கி நிலத்தைப் பண்படுத்தி வைத்திருந்தாள். மழை நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் விதை விழாவிட்டால் அவள் குட்டிகளுக்கு அந்த ஆண்டு பட்டினிதான்.

"கொஞ்சம் கம்பு விதை கொடுங்கள், கரடியாரே."

"முதலில் முளையைக் காட்டு, பிறகு தருகிறேன். விளைச்சலில் பாதி எனக்கு. வரப்பை எங்கே போடுவதென்றும் நானே சொல்வேன்."

"முளைத்துவிட்டால் உங்களிடம் ஏன் வரப் போகிறேன்?"

"மயிலிடம் பட்டது போதும். இப்போது இதுதான் வழக்கம்."

சிலும்பிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "மயில் தின்றதற்கு என் குட்டிகள் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்? உங்கள் விதை உங்களிடமே இருக்கட்டும். என் வயல் இந்த மழையிலேயே முளைக்கும், பாருங்கள்" என்று முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு நடந்தாள்.

நேரே சிட்டுக்குருவிகளிடம் போனாள். "என் நிலத்தைப் பாருங்கள். பிடித்தால் விதை கொடுங்கள். விளைந்தால் உங்களுக்கும் பங்கு. விளையாவிட்டால் போனது போனதுதான், இப்போதே சொல்லிவிடுகிறேன்."

குருவிகள் மண்ணைக் கொத்திப் பார்த்தன. "எங்களிடம் ஆளுக்கு ஓர் அலகு நிறையக் கம்புதான் இருக்கிறது" என்றது ஒரு குருவி.

"அது போதும்" என்றாள் சிலும்பி. எறும்புகளும் அணில்களும்கூடத் தங்களிடம் இருந்ததைக் கொண்டுவந்தன.

மழை பெய்தது. சரிவு முழுக்கப் பச்சை கண்டது.

உடனே மூட்டையைச் சுமந்துகொண்டு மூச்சிரைக்க வந்து நின்றது கரடி. "முளையைப் பார்த்துவிட்டேன், அம்மா. இந்தா விதை. அந்தப் பாதிப் பங்கைப் பேசி முடிப்போம்."

"விதைப்பு முடிந்துவிட்டது, கரடியாரே. வெறும் மண்ணைப் பார்த்து நம்பியவர்களுக்குத்தான் இங்கே பங்கு. உங்களுக்குப் பசித்தால் அறுவடைக்கு வாருங்கள். எல்லாரோடும் நின்று அறுத்துவிட்டுக் கூலி வாங்கிக்கொள்ளலாம்."

கரடி முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போனது. வேறு யாருக்காவது கொடுக்கலாமென்று மூட்டையைப் பிரித்தது. பூட்டியே கிடந்த விதையை வண்டு துளைத்துவிட்டிருந்தது. உள்ளே வெறும் மாவுதான் மிச்சம்.

நீதி: முளைத்த பிறகு நீட்டும் கை, விதை தந்த கை ஆகாது.