நாற்காலியைத் துடைத்தவர்

"எனக்கு நாக்கே இல்லை மேடம்" என்றார் தணிகாசலம்.

ஜெசிந்தா கையிலிருந்த புட்டியைக் கீழே வைத்தாள்.

"விளையாட்டுக்குச் சொல்லலை. பதினோரு மாசமா நீங்க ஊத்திக் குடுக்கறதையெல்லாம் வாயில வெச்சுக் கொப்புளிச்சுத் துப்பறேன். புளிக்குது. துவர்க்குது. அதுக்கு மேல ஒண்ணும் தெரியலை. நீங்க மட்டும் கண்ணை மூடிக்கிட்டு என்னத்தையோ கண்டுபிடிக்கறீங்க. அது என்னான்னு இன்னிக்காவது சொல்லுங்க."

ஜெசிந்தா பக்கத்து மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்தாள். அவருக்கு முன்னால் போட்டாள்.

தணிகாசலம் தோளில் கிடந்த துணியை எடுத்து, அந்த நாற்காலியைப் பளபளவென்று துடைத்தார்.

அவள் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுச் சமையலறைப் பக்கம் போய்விட்டாள்.

இது முதல் தடவை இல்லை.

முதல் தடவை அவள் நாற்காலியை இழுத்துப் போட்டபோது, கால் ஆடுகிறது போலிருக்கிறது என்று நினைத்து, அட்டையை மடித்து அடியில் சொருகினார். இரண்டாம் தடவை யாரோ விருந்தாளி வரப்போகிறார் என்று தண்ணீரும் கைத்துண்டும் கொண்டுவந்து வைத்தார். மூன்றாம் தடவை நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் மாடியில் போட்டுவிட்டு வந்தார்.

குருமார்கள் எதையும் நேராகச் சொல்வதில்லை. நேராகச் சொன்னால் மட்டும் நாம் கேட்டுவிடப் போகிறோமா என்பது அவர்கள் கட்சி.

இத்தனைக்கும் குருவுக்கு முப்பத்தொரு வயது. சீடருக்கு ஐம்பத்தொன்று.

புதுச்சேரியில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற உணவகம் அது. வாசலில் நீலக் கதவு இருப்பதால் பெயரும் நீலக் கதவு. தணிகாசலம் அங்கே இருபத்திரண்டு வருஷமாகப் பரிமாறுகிறார். ஒரு கையில் நான்கு தட்டுகளை அடுக்கிக்கொண்டு, குழம்பு ஒரு சொட்டு சிந்தாமல் நடப்பார். ஜெசிந்தா நாசிக்கில் ஒயின் பற்றிப் படித்துவிட்டு வந்து, இங்கே ஒயின் பகுதியைப் பார்த்துக்கொள்கிறவள். அவள் கண்ணாடிக் கோப்பையை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடுகிற அழகைப் பார்த்து மயங்கித்தான், "இதை எனக்கும் கத்துக்குடுங்க மேடம்" என்று ஒருநாள் இவராகவே போய்க் கேட்டார். அவள் சரி என்றுகூடச் சொல்லவில்லை. இன்னொரு கோப்பையை எடுத்து ஊற்றினாள்.

இப்போது அவள் கோவாவுக்குப் போகிறாள். பெரிய வேலை.

அதனால்தான் இன்றைய விருந்து. புட்டி ஆயிரம் ரூபாயைத் தாண்டாத மூன்று ஒயின்கள், மூன்று பதார்த்தங்கள், நாற்பது விருந்தாளிகள். நடத்தப்போவது தணிகாசலம், தன்னந்தனியாக. நன்றாக நடத்தினால் ஒயின் பகுதி அவருடையது. சொதப்பினால் என்ன ஆகும் என்பதையும் முதலாளி பூபாலன் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

"அந்த இடத்துல ஐஸ்கிரீம் பெட்டி வெச்சுடுவேன். ஆளுக்குச் சொல்லியாச்சு."

சாயங்காலம் ஏழு மணிக்கு மேசைகள் நிரம்பிவிட்டன.

தணிகாசலம் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தார். கால் தரையில் பாவவில்லை. புத்தகத்தைப் பார்த்து எழுதி மனப்பாடம் செய்த நான்கு பக்கமும் தொண்டையில் வரிசைகட்டி நின்றன.

வெள்ளை ஒயின் எல்லாக் கோப்பைகளிலும் இறங்கியது. நெத்திலி வறுவல் வந்தது.

"இந்த ஒயினில் பச்சை ஆப்பிளின் புத்துணர்வையும், மழையில் நனைந்த கல்லின் மணத்தையும், தூரத்துப் புல்வெளியின் சாயலையும் நீங்கள் உணரலாம்" என்றார்.

யாரும் ஒன்றையும் உணர்ந்த மாதிரி தெரியவில்லை. ஒருவர் மரியாதைக்குத் தலையாட்டினார். மூலை மேசையில் இரண்டு பேர் செல்போனை எடுத்துவிட்டார்கள். ஒரு அம்மாள் கோப்பைக்குள் எட்டிப் பார்த்துக் கல்லைத் தேடினார்.

முன் மேசையில் தனியாக உட்கார்ந்திருந்த பெண்மணி கையைத் தூக்கினார். வைதேகி, பல் டாக்டர். கணவர் வரவில்லை. எதிர் நாற்காலி காலியாக இருந்தது.

"சார், ஒரு சந்தேகம். இந்த ஒயினை இந்த நெத்திலியோட சேர்த்து நீங்க சாப்பிட்டிருக்கீங்களா?"

தணிகாசலத்துக்கு நான்கு பக்கமும் மறந்துபோயிற்று.

இருபத்திரண்டு வருஷத்தில் சாப்பாட்டைப் பற்றி அவர் ஒரு விருந்தாளியிடம் பொய் சொன்னதில்லை. மீன் நேற்றையது என்றால், கோழி வாங்கிக்குங்க சார் என்று காதோடு சொல்லிவிடுவார்.

"இல்லைம்மா" என்றார்.

"பின்ன ஒயினை எப்பக் குடிப்பீங்க?"

"சாயங்காலமே. வெறும் வயித்துல. வாயில வெச்சுத் துப்பிடுவேன்."

"நெத்திலி?"

"எல்லாரும் சாப்பிட்டுப் போனப்புறம். உள்ள, நின்னுக்கிட்டு. மிச்சம் இருந்தா."

கல்லாவில் முதலாளியின் முகம் கறுத்தது. அவர் உதடுகள் ஐஸ்கிரீம் என்று முணுமுணுப்பது இங்கிருந்தே தெரிந்தது. தணிகாசலத்துக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

அப்போது ஜெசிந்தா சுவரோரத்திலிருந்து வந்தாள். டாக்டருக்கு எதிரே இருந்த காலி நாற்காலியை வெளியே இழுத்தாள்.

தணிகாசலத்தின் கை தானாகத் தோளுக்குப் போயிற்று.

தோளில் துணி இல்லை. கோட்டுதான் இருந்தது.

அவர் நாற்காலியைப் பார்த்தார். அதில் தூசி இல்லை. கால் ஆடவில்லை. வரவேண்டிய விருந்தாளி இனி வரப்போவதில்லை. மாடியிலும் அதற்கு வேலை இல்லை. ஒரு நாற்காலியை வைத்துக்கொண்டு செய்யக்கூடியதையெல்லாம் செய்து முடித்தாகிவிட்டது. ஒன்றுதான் பாக்கி.

உட்கார்ந்தார்.

ஜெசிந்தா அவர் முன்னால் தட்டை வைத்தாள். நெத்திலி சூடாக இருந்தது. வெள்ளையை ஊற்றினாள். பழக்க தோஷத்தில் அவர் எழுந்து புட்டியை வாங்கப் போனார். அவள் ஒற்றை விரலால் அவர் தோளை அழுத்தினாள்.

"சாப்பிடுங்கண்ணே."

அவர் முள்கரண்டியைத் தள்ளிவைத்துவிட்டு, இரண்டு நெத்திலியைக் கையால் எடுத்து மென்றார். மொறுமொறுவென்று உப்பும் எண்ணெயும் மிளகாயும். விழுங்கிவிட்டு ஒரு வாய் ஒயின் குடித்தார். துப்புவதற்குப் பாத்திரம் இல்லாததால் அதையும் விழுங்கினார்.

கை இன்னும் இரண்டு நெத்திலியை எடுத்தது. வாய் இன்னொரு மடக்குக் கேட்டது.

"அடடே" என்றார்.

"என்ன சார்?" என்றார் டாக்டர்.

"அந்தப் புளிப்பைக் காணோம்மா. பதினோரு மாசமா என்னைப் படுத்தின புளிப்பு. மீன்ல எலுமிச்சம்பழம் பிழிஞ்ச மாதிரி ஆயிடுச்சு. எண்ணெயைக் கழுவிட்டுப் போயிடுச்சு. திரும்ப முதல்லேருந்து பசிக்குது."

டாக்டர் ஒரு நெத்திலியைக் கடித்தார், ஒரு வாய் குடித்தார். புருவம் மேலே போயிற்று.

"ஆமா சார்."

"என்ன, என்ன?" என்றது பக்கத்து மேசை.

"முதல்ல மீனைச் சாப்பிடுங்க. கையால எடுங்க, பரவாயில்லை. அந்த எண்ணெய் வாயில இருக்கறப்பவே ஒரு மடக்கு. உடனே, உடனே."

நாற்பது பேரும் நெத்திலி மேல் பாய்ந்தார்கள். மூலை மேசை செல்போனைக் கவிழ்த்து வைத்தது.

அடுத்து இறால் தொக்கும், சில்லென்று ரோஸ் நிற ஒயினும். தணிகாசலம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. வாய் நிறைய இறாலை வைத்துக்கொண்டே பேசினார். இந்த இனிப்பு அந்தக் காரத்தின் தலையில் தட்டி உட்காரவைக்கிறது பாருங்கள் என்றார். இல்லை, காரம்தான் ஜெயிக்கிறது என்று சண்டைக்கு வந்தார் ஓர் ஓய்வுபெற்ற தாசில்தார். அப்படியானால் இன்னொரு வாய் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றார் இவர். தாசில்தார் இன்னும் மூன்று வாய் பார்த்துவிட்டு, தீர்ப்பை ஒத்திவைத்தார்.

மேசைகள் ஒன்றோடொன்று நெருங்கிவிட்டன. யார் தட்டில் யார் கை வைக்கிறார்கள் என்று தெரியவில்லை.

கடைசியில் ஆட்டுக்கறிச் சுக்கா வந்தது. கூடவே சிவப்பு.

இருப்பதிலேயே மலிவான புட்டி அது. தணிகாசலம் அதை மனதார வெறுத்தார். நாவற்பழத்தைக் கொட்டையோடு மென்றால் நாக்கு இழுத்துப் பிடிக்குமே, அந்தத் துவர்ப்பு. பதினோரு மாசத்தில் அவரை அதிகமாகத் தோற்கடித்தது அதுதான்.

கொழுப்போடு ஒரு துண்டைத் தேடி எடுத்தார். மென்றார். கோப்பையைத் தூக்கினார். எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குடித்தார்.

கண்ணை மூடிக்கொண்டார்.

துவர்ப்பு கொழுப்புக்குள் போய்ப் படுத்துவிட்டது. அது இருந்த இடத்தில் நாவற்பழம் மட்டும் இருந்தது. வாய் முழுக்க, தொண்டை வரைக்கும், பழுத்த நாவற்பழம். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மேசையை இரண்டு தட்டுத் தட்டினார்.

"சார், என் தொழிலே வாயைப் பார்க்கறதுதான்" என்றார் டாக்டர். "உங்களுக்கு நாக்கு நல்லாத்தான் இருக்கு."

தணிகாசலம் கண்ணைத் திறந்தார். பக்கத்தில் ஜெசிந்தா, ஒரு கையில் தட்டும் இன்னொரு கையில் புட்டியுமாக நின்றுகொண்டிருந்தாள்.

"மேடம், இதைத்தான் நீங்க கண்டுபிடிச்சீங்களா? தெனமும் கண்ணை மூடிக்கிட்டு, இதையா?"

"எனக்குத் தெரியாதுண்ணே" என்றாள் ஜெசிந்தா. "நான் இன்னிக்கு நின்னுக்கிட்டு இருக்கேன்."

அவருக்கு மயிர் கூச்செறிந்தது.

அதற்குள் முதலாளி பூபாலன் கல்லாவை விட்டு ஓடிவந்தார். அவர் கல்லாவை விட்டு நகர்ந்ததை அந்த உணவகத்தில் யாரும் பார்த்ததில்லை.

"என்னய்யா பண்ணினே? அந்தச் சிவப்பு ஒரு புட்டி மிச்சமில்லையாம். ஆறு பேரு வீட்டுக்கு வேணும்னு நிக்கறாங்க. ஐஸ்கிரீம்காரன்கிட்ட வேணாம்னு சொல்லிட்டேன். இனிமே இது உன் இடம், நீயே பாத்துக்க."

தணிகாசலம் கும்பிட்டார். வாயில் கறி இருந்ததால் பேச முடியவில்லை.

"ஆனா ஒண்ணு சொல்லு" என்று முதலாளி குரலைத் தாழ்த்தினார். "அதை வாங்கிப் போட்டவன் நான். பத்துத் தடவை குடிச்சுப் பார்த்துட்டேன், கல்லாவுல நின்னபடியே. எனக்கு ஒண்ணுமே தெரியலை. அதுல அப்படி என்னாதான்யா இருக்கு?"

தணிகாசலம் எழுந்தார். பக்கத்து மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து, முதலாளிக்கு முன்னால் போட்டார்.

முதலாளி அந்த நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை உருவினார். குனிந்து, அதைப் பளபளவென்று துடைத்தார்.