மாயக் கோடரியும் மடைப்பள்ளி விறகும்

அடியவர் பசியைத் தன் பசியாகக் கொள்ளும் அம்மையப்பன் திருவடி இக்கதைக்கு முன்நிற்கட்டும்.

நெடுங்காலத்துக்கு முன், மலைக்காடு சூழ்ந்த நல்லமங்கை நாட்டிலே மாவலிங்கன் என்றொரு விறகுவெட்டி வாழ்ந்தான். சிவன் கோயில் மடைப்பள்ளிக்கு விறகு பிளப்பது அவன் தொண்டு. கட்டையை வெறுங்காலால் மிதித்துப் பிடித்து, நின்றபடியே கோடரி வீசுவான். முதுமை வந்தது. தோள் தளர்ந்தது, கண் மங்கியது, கால் நடுங்கியது.

மனைவி செங்கமலி சொன்னாள்: "கட்டையைக் கற்களுக்கு நடுவே செருகி, உட்கார்ந்து ஆப்படித்துப் பிளந்தால் என்ன? நானும் கூட அடிக்கிறேன்."

"சாமி அடுப்புக்கு உட்கார்ந்துகொண்டா வெட்டுவது? பல்லக்கும் கொண்டுவரச் சொல்லேன்!"

"காலை வெட்டிக்கொண்டால் பல்லக்கில்தான் வரவேண்டும்!"

திருவாதிரைத் திருவிழா நெருங்கியும் விறகு குவியவில்லை. மனம் கலங்கிக் காட்டுக்குள் சென்றவன் எதிரே, வேர்போன்ற சடையோடு கருங்காடன் என்னும் மாயாவி நின்றான். அவன் கையில் ஒரு கரிய கோடரி.

"பெரியவரே, இதைப் பிடியும். தோள் இளமையாகும். நின்று வெட்டுகிறவனுக்கே இது அடங்கும்."

"நான் வேறெப்படி வெட்டுவேன்?" என்று வாங்கிக்கொண்டான் மாவலிங்கன்.

முதற்கட்டையை மிதித்தான், வீசினான். வெள்ளரிப்பிஞ்சாய்ப் பிளந்தது. ஆகா என்று மகிழ்ந்தான்.

இரண்டாம் கட்டையை மிதித்தான், வீசினான். கட்டை பிளந்தது; கால் கட்டைவிரல் நகமும் பிளந்தது. பதறிக் கோடரியை எறியப் பார்த்தான். கைவிரல்கள் விரியவில்லை. காம்பு கையோடு ஒட்டிக்கொண்டது. "மிதி! வீசு!" என்று இரும்பு முணுமுணுத்தது.

மூன்றாம் கட்டையின்மேல் அவன் கால் தானே ஏறியது. கண்ணுக்குக் கட்டை இரண்டாய்த் தெரிந்தது. எது மரம், எது தன் பாதம்? முழங்கால் வெடவெடத்தது. தோள் மட்டும் காளைபோல் திமிறிக் கோடரியை உயர்த்தியது.

மாயாவி நகைத்தான்: "தோளைத்தான் இளமையாக்கினேன், கிழவா! கண்ணும் காலும் பழையவைதானே? முதலில் கால். பிறகு உயிர். இரண்டும் எனக்கு!"

கஞ்சிக் கலயத்தோடு தேடிவந்த செங்கமலி அதைக் கண்டு அலறினாள்: "ஐயோ, உட்காருங்கள்! உட்காருங்கள்!"

உட்கார்ந்தால் தொண்டு குறைபடுமே என்று அந்த வேளையிலும் அவன் நெஞ்சு தயங்கியது. கோடரி இறங்கத் தொடங்கியது.

"அம்மையப்பா, தளர்ந்துவிட்டேன்! இனி நின்று செய்ய இயலாது!" என்று கதறிக் காலை இழுத்துக்கொண்டு தரையில் அமர்ந்தான்.

கோடரி கையைவிட்டு நழுவி, வெறும் மண்ணைக் கொத்தி, துருவாய் உதிர்ந்தது. கருங்காடன் புகையாய்ச் சுருண்டு மறைந்தான்.

பின்னர் செங்கமலி ஆப்பையும் அதை அடிக்கும் மரச்சுத்தியலான கொட்டாப்புளியையும் எடுத்துவந்தாள். அமர்ந்தே அடித்தார்கள். மூச்சு வாங்கியபோது நிறுத்தினார்கள். கை ஓய்ந்தபோது மாற்றிக்கொண்டார்கள். விழாவுக்கு முன் விறகு குவிந்தது.

மடைப்பள்ளியில் மாவலிங்கன் தலைகுனிந்து, "சாமி, இது உட்கார்ந்து பிளந்தது" என்றான்.

சமையல் செய்யும் பரிசாரகர் எரியும் அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே சிரித்தார்: "அது அடுப்புக்கு எப்படி ஐயா தெரியும்? நன்றாகக் காய்ந்திருக்கிறது. போய் இலையில் உட்காரும், களி ஆறுகிறது."

இதைக் கேட்டவர் கண்ணும் கையும் காலும் ஊறின்றி நிலைக்க! அவர் மனையில் அடுப்பு அணையாதிருக்க! சிவனருள் பெருகுக!