மூன்றாவது சீல்

சங்ககிரியிலிருந்து ஈரோட்டுக்குப் போகும் சாலையில், எடை மேடைக்கு எதிரே ஒரு பட்டறை. அங்கே குருவுக்கு முப்பத்தாறு வயது, சீடருக்கு ஐம்பத்திரண்டு. இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம். பட்டறையில் இருந்தவர்களுக்கு அது பழகிப் போயிருந்தது.

குரு கமாலுதீன். வண்டி வைத்திருப்பவர்களுக்கெல்லாம் கமால் பாய். சீடர் செங்கோடன். இருபத்தாறு வருஷம் லாரி ஓட்டியவர். அசாம் போகும் வழியில் முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்த கல் ஒன்று அவருடைய இடது கண்ணைக் கொண்டு போய்விட்டது. கண்ணோடு லைசென்ஸும் போனது.

வண்டியைத் தவிர வேறெதுவும் தெரியாத மனுஷன். மெக்கானிக் வேலையாவது கற்றுக்கொள்ளலாம் என்று பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினார். இந்த வயசுக்கு மேல் என்ன கற்றுக்கொள்ளப் போகிறீர்கள் என்று நல்லவர்கள் கேட்டார்கள். மற்றவர்கள் அதைக்கூடக் கேட்கவில்லை.

கமால் பாய் மட்டும், எஞ்சினுக்குள் கவிழ்த்த தலையைத் தூக்காமலே, "ஸ்பேனர் பிடிக்க ஒரு கண்ணு போதுமுங்ணா" என்றார். மறுநாள் காலையில் செங்கோடன் வேலைக்கு வந்துவிட்டார்.

அந்த ஒரு வார்த்தைக்கு நன்றி சொல்ல இரண்டு வருஷமாக முயன்றுகொண்டிருந்தார் செங்கோடன். பாய் முன்னால் போய் நிற்பார். தொண்டையைக் கனைப்பார். "டீ சொல்லட்டுங்களா பாய்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுவார். இந்த இரண்டு வருஷத்தில் கமால் பாய் குடித்த டீயில் பாதி இப்படி வந்ததுதான்.

அப்படியிருக்கும்போது சாந்தாமணியின் வேன் வந்தது. சுற்று வட்டாரத்தில் பதினொரு பேரை, திங்களும் வியாழனும் ஈரோட்டுக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப் போய்க் கொண்டு வந்து விடும் வேன். சாந்தாமணியே ஓட்டுவார். அதன் எஞ்சின் உள்ளே இறுகிச் சுற்றாமலே போய்விட்டது. வேறொரு வண்டியில் ஓடிய நல்ல எஞ்சினாகப் பார்த்து வாங்கி வந்திருந்தார்.

"பழசை எறக்கி இதை ஏத்தற வேலை முழுக்க உங்களுதுங்ணா. நான் கை வெக்க மாட்டேன்" என்றார் கமால் பாய்.

செங்கோடன் தனியாகச் செய்த முதல் எஞ்சின். நான்கு நாள் பிடித்தது. வெள்ளிக்கிழமை மாலை சாவியைத் திருப்பியதும் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. பாய் வந்து காது கொடுத்துக் கேட்டார். "ம்" என்றார். அந்த "ம்" போதும், செங்கோடனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

சனிக்கிழமை காலை வேனுக்கடியில் எண்ணெய் சொட்டியிருந்தது.

எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஈரம். அங்கே எண்ணெய் வந்தால், அதை உள்ளேயே அடைத்து வைக்கும் ரப்பர் வளையமான பின் சீல் போய்விட்டது என்று அர்த்தம். சாலையில் போகிற எந்த டிரைவரைக் கேட்டாலும் சொல்வான். செங்கோடன் கியர்பாக்ஸை இறக்கி சீலை மாற்றினார். சொட்டியது. கடையைக் குறை சொல்லி, வேறு கடையில் வேறு சீல் வாங்கி, திரும்ப இறக்கி மாற்றினார். அதற்கும் சொட்டியது.

வேன் இல்லாததால் திங்கட்கிழமையும் அந்தப் பதினொரு பேர் ஆளுக்கொரு பஸ்ஸாகப் பிடித்துப் போனார்கள். அதில் ஒரு பெரியவர் திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே மயங்கி விழுந்துவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து செங்கோடனுக்குச் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை காலை மூன்றாவது சீலோடு பாயிடம் வந்து நின்றார்.

"பாய், இதையும் போட்டுப் பாக்கறனுங்க. இதுக்கும் நிக்கலீன்னா நான் ஸ்பேனரை வெச்சுட்டுப் போயிர்றனுங்க. மில்லுல வாட்ச்மேன் வேலைக்குக் கூப்புடறாங்க. எனக்கு அதுதான் லாயக்கு."

கமால் பாய் சீல் பொட்டலத்தை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"எண்ணெய் எங்கீங்ணா சொட்டுது?"

"பின் சீல்லீங்க."

"சொட்டற எடத்தைக் கேட்டேன்."

"கியர்பாக்ஸ் வந்து சேர்ற எடத்துலீங்க."

"அது நீங்க பாத்தது. பின் சீல்லுன்னு யாரு சொன்னது?"

செங்கோடன் யோசித்தார். "எல்லாரும் அதைத்தானுங்களே சொல்லுவாங்க."

"எல்லாரும் இந்த வேனுக்கடியில வந்து படுத்துப் பாத்தாங்களா?"

செங்கோடன் வேனின் அடியைத் திரும்பிப் பார்த்தார்.

"எஞ்சினைக் கழுவுங்க" என்றார் பாய்.

நாளைக்கு வண்டி ஓடியாக வேண்டும், இன்றைக்குக் குளிப்பாட்டச் சொல்கிறாரே என்று செங்கோடனுக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் டீசலும் பிரஷும் எடுத்துவந்து, முன் சீட்டுகளுக்கு நடுவே இருந்த மூடியைத் தூக்கி, தேய்க்க ஆரம்பித்தார். முடித்துக் கூப்பிட்டார். பாய் ஒரு வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் துடைத்துப் பார்த்தார். துணி கறுப்பாக வந்தது.

"இன்னொருக்கா."

இரண்டாவது முறையும் கழுவி, சோப்புத் தண்ணீர் விட்டு, காற்றடித்துக் காய வைத்தபோது மணி பதினொன்று. அப்போது சாந்தாமணி வந்து சேர்ந்தார்.

"ஏனுங் பாய், நாளைக்கு வண்டி வந்துருமுங்களா? பதினொரு பேரும் எனக்கேதான் போன் போடறாங்க."

"உங்ககிட்ட முகத்துக்குப் போடற பவுடர் இருக்குதுங்களா?"

சாந்தாமணி விழித்தார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்தார். பாய் அதை வாங்கிச் செங்கோடனிடம் நீட்டினார்.

"எஞ்சின் முழுக்க அடிங்ணா. ஒரு எடம் விடாதீங்க."

செங்கோடன் அடித்தார். மேலே, பக்கவாட்டில், கை போகிற வரைக்கும் பின்பக்கத்தில். டப்பா பாதி காலியானது.

"என்ர கல்யாணத்துக்குக்கூட எனக்கு இத்தனை பவுடர் அடிக்கலீங்" என்றார் சாந்தாமணி.

வேனை அவரே எடுத்துக்கொண்டு சுங்கச்சாவடி வரை போய்த் திரும்பினார். வண்டி நின்றதும் செங்கோடன் சாக்கை விரித்து அடியில் நுழையப் போனார்.

"படுக்காதீங்க" என்றார் பாய்.

"பாக்க வேண்டாமுங்களா?"

"அஞ்சு நாளா படுத்துத்தானே பாத்தீங்க. எண்ணெய் கீழருந்து மேல ஏறுமுங்களா?"

"ஏறாதுங்க."

"அப்ப மேலருந்து பாருங்க."

செங்கோடன் சீட்டில் மண்டியிட்டு, மூடியைத் தூக்கி எட்டிப் பார்த்தார். எஞ்சின் வெள்ளை வெளேரென்று இருந்தது. பின்பக்கத்தில் மட்டும் விரல் அகலத்துக்குப் பழுப்பாக ஒரு கோடு. கீழே பின் சீல் பக்கம் போய் முடிந்தது. எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால், எஞ்சினின் உச்சியை மூடியிருக்கும் டாப் கவருக்குப் பின்னால் எங்கேயோ போய் மறைந்தது. அங்கே தகரம் நெருங்கி நின்றதால் தலை நுழையவில்லை.

பட்டறையில் உடைந்த பக்கக் கண்ணாடி ஒன்று கிடந்தது. அதை எடுத்து உள்ளே நுழைத்து, டார்ச் அடித்து, ஒற்றைக் கண்ணால் உற்றுப் பார்த்தார்.

கண்ணாடியைக் கொஞ்சம் சாய்த்துத் திரும்பவும் பார்த்தார்.

டாப் கவரின் பின் மூலையில், கவருக்கும் எண்ணெய் கசியாமல் அடைக்கும் பேக்கிங்குக்கும் இடையில், எண்ணெயில் ஊறிக் கறுத்துப்போன ஒரு மஞ்சள் கயிற்றின் நுனி உள்ளே போயிருந்தது. மறுநுனி, எஞ்சினைச் சங்கிலி மாட்டித் தூக்குகிற கொக்கியில் முடிச்சுப் போட்டிருந்தது. யார் போட்ட முடிச்சு என்று அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பாய் அந்தப் பக்கம் திரும்பி, சாந்தாமணியிடம் பவுடர் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கவரைக் கழற்றும் சாக்கில் கயிற்றை உருவிப் பையில் போட்டுக்கொள்ளலாம். பேக்கிங் கோணலாக உட்கார்ந்திருந்தது என்றால் தீர்ந்தது. பாய் நம்பிவிடுவார்.

அதுதான் செங்கோடனைத் தடுத்தது. இந்த ஒரு கண்ணை நம்பி வேலை கொடுத்த ஆளிடம், இந்தக் கண் பார்த்ததையே மறைக்க மனசு வரவில்லை.

"பாய்."

"என்ன தெரியுதுங்ணா?"

"கயிறுங்க. மஞ்சக் கயிறு. டாப் கவருக்கடியில மாட்டியிருக்குதுங்க."

"யாரு கட்டுனது?"

"நாந்தானுங்க."

சாந்தாமணி எட்டிப் பார்த்தார். "திரி போட்டு வெச்ச மாதிரி அல்ல இருக்குது! எண்ணெய் வராம என்ன பண்ணும்?"

கமால் பாய் கோபப்படவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எஞ்சினுக்குக் கயிறு கட்டறது எல்லாரும் பண்றதுதானே. முன்னாடி பாத்து, சந்தனம் வெச்சு, பளிச்சுனு கட்டுவாங்க. இந்தப் பட்டறையில அப்படி எத்தனை வண்டி போயிருக்குது. நான் என்னைக்காவது ஏதாவது சொன்னனுங்களா?"

"இல்லீங்க."

"பின்ன ஏனுங்ணா பின்னாடி கொண்டு போய், யார் கண்ணுக்கும் படாத எடத்துல?"

செங்கோடன் கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"இது வண்டிக்குக் கட்டுனது இல்லீங்க பாய். உங்களுக்குக் கட்டுனதுங்க."

பாய் ஸ்டூலை முன்னால் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"முழு எஞ்சினை என்னை நம்பிக் குடுத்தீங்கள்ல, அன்னைக்குத் திருச்செங்கோட்டு மலைக்குப் போனனுங்க. படியேறித்தான் போனேன். உங்க பேருக்கு ஒரு அர்ச்சனை பண்ணுனனுங்க. குருக்கள் நட்சத்திரம் கேட்டாரு. எனக்கெங்கீங்க தெரியும்? சாமி பேருக்கே பண்ணிக்கலாம்னாரு. இல்லீங்க, கமாலுதீன்னு பேரைச் சொல்லியே பண்ணுங்கன்னேன். ஒரு மாதிரி பாத்துட்டு, சரின்னுட்டாரு."

"கோத்திரம் கேக்கலீங்களா?"

"கேட்டாருங்க. எடை மேடை பட்டறைன்னு சொன்னேன்."

சாந்தாமணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்தபோது கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

"பிரசாதத்தோட இந்தக் கயிறு குடுத்தாங்க. உங்க கையில குடுக்கத்தான் வந்தனுங்க. உங்களைப் பாத்ததும் கூச்சமாப் போச்சு. வேற சாமி கயிறு, தப்பா எடுத்துக்குவீங்களோன்னு பயம். டீ சொல்லட்டுங்களான்னு கேட்டுட்டு வந்துட்டேன். அப்புறம், நீங்க குடுத்த எஞ்சின்லயே இருக்கட்டும்னு, உங்களுக்குத் தெரியாத எடமாப் பாத்துக் கட்டிட்டேன். கடைசியா டாப் கவரைத் தொறந்து டேப்பெட் இடைவெளி பாத்துட்டு மூடறப்ப கயித்து நுனி உள்ள போனதைக் கவனிக்கலீங்க. தப்பு என்னுதுதானுங்க."

இரண்டு வருஷமாக வராதது அன்றைக்கு மொத்தமாக வந்துவிட்டது. தலை குனிந்து நின்றார்.

கமால் பாய் கொஞ்ச நேரம் எதிரே இருந்த எடை மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு லாரி ஏறி, நின்று, இறங்கிப் போனது.

"கவரைக் கழட்டுங்ணா" என்றார்.

செங்கோடன் கழற்றினார். விளிம்பைத் துடைத்துச் சுத்தம் செய்தார். புதுப் பேக்கிங் வைத்து, கவரை மூடி, போல்ட்டுகளை நடுவிலிருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக, எல்லாவற்றையும் ஒரே சீராக இறுக்கினார். பாய் ஸ்பேனரைத் தொடவேயில்லை. கயிற்றைத்தான் எடுத்துக்கொண்டு போனார். தூக்கிப் போடப் போகிறார் என்று நினைத்தார் செங்கோடன். குழாயடியில் குந்தி உட்கார்ந்து, சோப்புப் போட்டு அதை அலசிக்கொண்டிருந்தார் பாய். மஞ்சள் பாதிக்கு மேல் திரும்பி வந்தது. வெயில் படுகிற இடமாகப் பார்த்துக் கம்பியில் காயப் போட்டார்.

எண்ணெய்க் கோட்டைத் துடைத்துவிட்டு மறுபடியும் பவுடர் அடித்தார்கள். சாந்தாமணி இந்த முறை பவானி வரைக்கும் போய் வந்தார். வேனை நிறுத்தி, அடியில் ஓர் அட்டையை விரித்து வைத்து, மூன்று பேரும் காத்திருந்தார்கள். யாரும் டீ சொல்லவில்லை.

அரை மணி கழித்து அட்டையை இழுத்துப் பார்த்தார்கள். சொட்டுக்கூட இல்லை. எஞ்சினின் பின்பக்கம் போட்ட பவுடர் போட்டபடி இருந்தது.

"காலையில அஞ்சு மணிக்கெல்லாம் வண்டி எடுத்துருவனுங்க" என்றார் சாந்தாமணி. செங்கோடனைப் பார்த்துக் கைகூப்பினார். "பதினொரு பேருக்கும் உங்க பேரைச் சொல்லிப்போடறனுங்ணா." அவர் அங்கிருந்தே போன் போட ஆரம்பித்துவிட்டார்.

கமால் பாய் சட்டைப் பையிலிருந்து மூன்றாவது சீலை எடுத்துச் செங்கோடனிடம் கொடுத்தார்.

"இதை அலமாரியில வைங்ணா. அடுத்த வண்டிக்கு நீங்கதான் போடணும்."

செங்கோடன் கொண்டுபோய் வைத்தார். திரும்பும்போது கம்பியில் கயிறு காய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. எடுத்துக்கொண்டு வந்தார். பாய் அதற்குள் வேறொரு வண்டிக்குள் தலையைக் கவிழ்த்திருந்தார்.

"பாய், இதை என்னங்க பண்றது? மலைக்கே கொண்டு போயிரட்டுங்களா? இல்ல வண்டியிலயே வேற எங்கியாவது கட்டட்டுங்களா?"

கமால் பாய் தலையைத் தூக்கினார்.

"எனக்குத் தெரியற எடத்துல கட்டுங்ணா."