கோணையூரணிக்கு வந்த கண்டக்டரம்மா

கோணையூரணிக்காரர்கள் யார் எதைச் சொன்னாலும் அப்படியே செய்துவிடுவார்கள். அவர்களிடம் இருந்த தொந்தரவே அதுதான்.

அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம் வந்தது. ஞாயிறு காலை கல்யாண மண்டபத்தில் குழந்தைகளுக்காக மேல்நாட்டு வாத்தியக் கச்சேரி. வயலின், டிரம்பெட் என்று நாற்பது பேர் வருகிறார்கள். பெற்றோரும் வந்து பங்கெடுக்கலாம்.

பெற்றோர் சங்கத் தலைவர் சொரிமுத்துவும், அவர் மச்சான்கள் அய்யங்கண்ணுவும் குருசுவும் உட்கார்ந்து யோசித்தார்கள். பங்கு எவ்வளவு என்று கடிதத்தில் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஊரில் ஆளுக்கொரு தூக்குவாளி கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள்.

கடிதத்தில் இன்னொன்றும் இருந்தது. பாட்டின் கடைசியில் பெரிய டிரம்மில் ஒரே ஒரு அடி விழும். அதை அடிக்க உள்ளூர்ப் பிள்ளை ஒன்று வேண்டும். சொரிமுத்துவின் ஏழு வயது மகள் செண்பகவல்லியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு வாரம் தலையணையில் அடித்துப் பழகினாள். அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நான் அடிக்கிறப்ப நீங்க பாக்கணும்ப்பா."

சொரிமுத்து அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை முதலில் வந்த வேனிலிருந்து ஒரு அம்மாள் இறங்கி, "நான் பெனிட்டா. நான்தான் கண்டக்டர்" என்றார். குருசு கையில் மாலை இருந்தது. கண்டக்டரே இவ்வளவு தூரம் வந்திருக்கும்போது டிரைவரை விடலாமா என்று, மாலையை வேன் டிரைவர் கழுத்தில் போட்டார். அந்த மனிதருக்கு அவ்வளவு மரியாதை அதுவரை எந்த ஊரிலும் கிடைத்ததில்லை.

மண்டபத்தில் முந்நூறு தூக்குவாளிகளைக் கண்டு பெனிட்டா பூரித்துப் போனார். தாளம் தட்டக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

"நான் செய்யறதை எல்லாரும் அப்படியே செய்யுங்க" என்றார்.

கை தட்டினார். ஊரும் தட்டியது. காலால் தரையை உதைத்தார். ஊரும் உதைத்தது. பிள்ளைகளுக்கு ஒரே கும்மாளம். பிறகு, வாத்தியக் குழுவை நடத்துகிறவர் வாசிப்பவர்களுக்குச் சைகை காட்ட வேண்டுமே, பெனிட்டா மேடைப் பக்கம் திரும்பினார்.

ஊரும் திரும்பியது. முந்நூறு பேரும் மேடைக்கு முதுகைக் காட்டி, வாசலைப் பார்த்து நின்றார்கள். வாசலில் ஒரு நாய் படுத்திருந்தது. இத்தனை பேர் பார்ப்பது அதற்குக் கூச்சமாக இருந்ததோ என்னவோ, எழுந்து போய்விட்டது.

பின்னால் வயலின்கள் கிளம்பின. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சொரிமுத்துவுக்கு வியர்த்தது.

"மச்சான், எம்புள்ள அடிக்கப் போவுது. நான் பாக்கணுமே."

"கண்டக்டரம்மா திரும்புனா நாமளும் திரும்பிக்கிடலாம்" என்றார் அய்யங்கண்ணு.

"அவங்க திரும்பிட்டாங்கன்னு நமக்கு எப்படித் தெரியும்?"

"திரும்பிப் பாத்தாத் தெரியும்."

"அவங்க திரும்பாம நாம எப்படித் திரும்புறது?"

மூவரும் இதை ஆழ்ந்து யோசித்தார்கள். அதற்குள் டிரம்பெட்டும் சேர்ந்துகொண்டு பாட்டு உச்சத்துக்குப் போனது. சொரிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. தலையைக் குனிந்தார். கையிலிருந்த தூக்குவாளி மூடி பளபளவென்று இருந்தது. அதில் மேடை தெரிந்தது. மேடையில் புளியங்கொட்டை அளவுக்குச் செண்பகவல்லி, இரண்டு கையாலும் கோலைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

டம்!

அடி சரியான நேரத்தில் விழுந்தது. சொரிமுத்து சந்தோஷத்தில் மூடியைக் கீழே போட்டார். பாட்டுக்கு அதுவும் பொருத்தமாகவே இருந்தது. பெனிட்டா திரும்பி, "எல்லாரும் இங்க திரும்புங்க" என்றார், ஊரும் திரும்பியது, கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

புறப்படும்போது அவர் சொரிமுத்துவிடம் சொன்னார்: "உங்க பொண்ணுக்கு நல்ல காது. கவனமாப் பாத்துக்கங்க."

வேன்கள் போன பிறகுதான் சொரிமுத்துவுக்கு உறைத்தது. நல்ல காது எது என்று அந்த அம்மாள் சொல்லவில்லை. இன்னொரு காதுக்கு என்ன கேடு என்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை மூவரும் செண்பகவல்லியைக் கூட்டிக்கொண்டு டவுன் டாக்டரிடம் போனார்கள். அவர் இரண்டு காதிலும் விளக்கடித்துப் பார்த்தார்.

"ரெண்டும் நல்லாத்தானே இருக்கு?"

சொரிமுத்து நெகிழ்ந்து போனார். "நேத்து வரைக்கும் ஒண்ணுதான் நல்லா இருந்துச்சு, டாக்டர். ஒரே கச்சேரியில மத்ததும் சரியாயிட்டு."

டாக்டர் விளக்கை அணைத்தார்.

அதுவரை சும்மா இருந்த அய்யங்கண்ணு மெல்ல முன்னால் வந்து, கன்னத்தைப் பிடித்தபடி கேட்டார்:

"அந்தக் கண்டக்டரம்மா பல்லும் பாப்பாங்களா, டாக்டர்?"