காராயியின் முதுகு

பிள்ளைகளே, ஆறு ஒன்று வளைந்து வளைந்து ஓடும் ஒரு காட்டில், காராயி என்றொரு கரடி இருந்தாள். அவளுக்கு மொட்டு என்று ஒரு குட்டி. மொட்டு தரையில் கால் வைத்ததே இல்லை. எப்போதும் தாயின் முதுகில்தான் சவாரி. அங்கிருந்தபடியே தின்னும், தூங்கும், எதிரில் வருகிறவர்களை வம்புக்கு இழுக்கும்.

கரடிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. குட்டி நடக்கப் பழகும்வரை தாய் அதை முதுகில் சுமப்பாள். ஆனால் ஒருமுறை இறங்கித் தன் காலால் நடந்துவிட்ட குட்டியை எந்தக் கரடியும் மறுபடி ஏற்றிக்கொள்வதில்லை. ஏன் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. வழக்கம் என்று ஏற்பட்டுவிட்டால் அப்படித்தானே!

ஒரு கோடையில் நாவல் பழம் தேடிக் காராயி ஆற்றைத் தாண்டிப் போனாள். அங்கே கரையான் புற்று ஒன்றின் அடியில் ஒரு கரடிப் பையன் உட்கார்ந்திருந்தான். குட்டி என்று அவனைச் சொல்ல முடியாது. காராயியின் தோள் உயரம் இருந்தான். ஆனால் விலா எலும்பெல்லாம் வெளியே தெரிந்தது.

"யாரு பிள்ளை நீ?" என்று கேட்டாள் காராயி.

"என் பேரு குன்றன்."

"உன் அம்மா எங்கே?"

அவன் தூரத்து மலையைப் பார்த்தான். போன மழைக்காலத்தில் அந்த மலைச்சரிவு அப்படியே பெயர்ந்து விழுந்தது காராயிக்குத் தெரியும். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

"எங்க வீட்டுக்கு வர்றியா, சாமி?"

"எத்தனை நாளைக்கு?" என்றான் குன்றன்.

எந்தப் பிள்ளையும் கேட்கக் கூடாத கேள்வி அது. "நாள் கணக்கெல்லாம் இல்லை. வா" என்று சொல்லிக் காராயி அவனைக் கூட்டிக்கொண்டு போனாள்.

குன்றன் வந்தான். ஆனால் குகைக்குள் வரவில்லை. எந்த நேரமும் எழுந்து ஓடத் தயாராக இருப்பவனைப் போல வாசலிலேயே படுத்துக்கொண்டான். காராயியை அவன் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் கிட்டே வந்து நின்று, தொண்டையைச் செருமுவான். அவ்வளவுதான்.

சாப்பாட்டிலும் ஒரு விஷயம் நடந்தது. காராயி தேனடை கொடுத்தால் பாதியைத் தின்பான். மீதியை வாயில் ஒதுக்கிக்கொண்டு நழுவிவிடுவான். ஆற்றங்கரைப் பாறை இடுக்கு ஒன்றில் அதை ஒளித்து வைத்து, மேலே சருகைப் போட்டு மூடுவான். நாளைக்குக் கிடைக்குமோ கிடைக்காதோ என்று பயந்து பயந்தே கிடந்த வயிறு அது. ஒரு வாரத்தில் அந்தப் பயம் போய்விடுமா?

பக்கத்துப் பொந்தில் இருந்த முள்ளம்பன்றி இதைப் பார்த்துவிட்டது. கண்டிப்புக்குப் பேர் போன முள்ளம்பன்றி அது. தன் பிள்ளைகளைக்கூட முள்ளைச் சிலிர்த்துக்கொண்டுதான் கொஞ்சும்.

"காராயி, எடுக்கறதுதான் எடுத்தே, ஒரு பச்சைக் குட்டியா எடுத்திருக்கக் கூடாதா? இவ்வளவு வளர்ந்ததைக் கூட்டிட்டு வந்து, இப்ப பாரு, திருட்டுப் புத்தி. ரெண்டு வேளை பட்டினி போடு, சரியாயிடும்."

"அவன் பட்டினி கிடந்தது போதாதா?" என்று சொல்லிவிட்டு, மறுநாள் இன்னும் பெரிய தேனடையாகக் கொண்டுவந்தாள் காராயி.

பாறை இடுக்கை மோப்பம் பிடித்த இன்னொரு ஆளும் இருந்தது. வேறு யார், நரிதான்.

"தம்பி, ரொம்ப நல்ல காரியம் பண்றே" என்றது நரி. "இந்தக் காலத்துல யாரை நம்பறது? நீ பாட்டுக்குக் கொண்டுவந்து வை. நான் காவலுக்கு இருக்கேன்."

குன்றனும் நம்பினான். தனக்கென்று பேச ஒருவர் கிடைத்தாரே என்று சந்தோஷப்பட்டான். ஆனால் வைத்த தேனும் பழமும் நாளுக்கு நாள் குறைந்தன. "எறும்பு, தம்பி, எறும்பு! இன்னும் கொஞ்சம் கூடுதலா வை" என்று வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னது நரி.

அந்தப் பையன் பயப்படும்வரைதான் தனக்குச் சாப்பாடு என்பது நரிக்கு நன்றாகத் தெரியும். அதனால் ஒரு நாள் மெல்ல ஆரம்பித்தது.

"அந்தக் காராயிக்கு உன் மேல பாசம் இருக்குன்னு நினைக்கறியா? ஒண்ணு செய். அவ முதுகுல ஏறிப் பாரு. சொந்தப் பிள்ளைன்னு நினைச்சா ஏத்திக்குவா."

கரடிகளின் வழக்கம் தெரிந்துதான் நரி அப்படிச் சொன்னது. பாவம், குன்றனுக்கு அந்த வழக்கம் தெரியாது. அவன் தாய் அதைச் சொல்லித்தருமுன் போய்விட்டாள்.

மறுநாள் ஓடையைக் கடக்கும்போது, மொட்டு வழக்கம்போல் முதுகில் உட்கார்ந்து வந்தது. குன்றன் பின்னாலிருந்து மெதுவாக ஒரு காலைத் தூக்கிக் காராயியின் முதுகில் வைத்தான்.

காராயி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "நீ பெரிய பிள்ளை, குன்றா! உனக்குத்தான் நல்ல பலமான கால் இருக்கே. நட சாமி."

பாராட்டுவதாக நினைத்துத்தான் அவள் சொன்னாள். குன்றன் காலை எடுத்துக்கொண்டான். அதன்பிறகு ஓடையைத் தாண்டும்வரை அவன் தலையை நிமிர்த்தவே இல்லை.

"நான் சொன்னேனா இல்லையா?" என்றது நரி அன்று மாலை. "பழம் குறையட்டும், தண்ணி வத்தட்டும், அப்புறம் பாரு. வந்த மலையிலேயே கொண்டுபோய் விட்டுடுவா."

அதிலிருந்து குன்றன் வேறு பிள்ளையாகிவிட்டான். தேனடையைக் காலால் தட்டிவிட்டான். மொட்டு கூப்பிட்டால் உறுமினான். பகலில் எங்கோ போய்விட்டுப் பொழுது சாய்ந்துதான் வருவான். முள்ளம்பன்றி, "நான் அப்பவே சொன்னேன்" என்று காடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தது.

இவன் ஒரு நாள் திரும்பி வராமலே போய்விடுவான் என்று காராயிக்குத் தோன்றிவிட்டது. அந்த நினைப்பே அவளுக்குத் தாங்கவில்லை. மொட்டுவைச் சுமந்தபடி, அவன் போன வழியை மோப்பம் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

ஆற்று மேட்டில் ஒரு கரும்பாறை இருந்தது. வெயிலில் கிடந்து கதகதப்பாக இருக்கும் உருண்டைப் பாறை. அதன் மேல் குன்றன் குப்புறப் படுத்திருந்தான். நான்கு கால்களாலும் பாறையை இறுகக் கட்டிக்கொண்டு, கன்னத்தை அதன் மேல் வைத்து, தூரத்து மலையைப் பார்த்தபடியே தூங்கிப்போயிருந்தான்.

மொட்டு எட்டிப் பார்த்தது. "அம்மா, அண்ணன் கல்லுமேல சவாரி போறான்!"

பெரிய பிள்ளை, பெரிய பிள்ளை என்று தான் சொன்னது காராயியின் காதிலேயே வந்து மோதியது. குட்டிகள் தாயின் முதுகைப் பிடிக்கும் பிடி அவளுக்குத் தெரியாதா? அவன் பிடித்திருந்தது அந்தப் பிடிதான். அவள் அங்கேயே நின்று அழுதாள்.

மறுநாள் காலை, ஓடைக்கரையில் எல்லா விலங்குகளும் தண்ணீர் குடிக்கக் கூடியிருந்த நேரம். காராயி குன்றனுக்கு முன்னால் போய் வயிறு தரையில் படும்படி படுத்தாள்.

"ஏறு" என்றாள்.

குன்றன் பின்வாங்கினான். "நான் பெரிய பிள்ளை."

"பெரிய பிள்ளைதான். ஏறு."

மரத்தில் இருந்த குரங்குகள் கைகொட்டிச் சிரித்தன. முள்ளம்பன்றிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "காராயி! என்ன கூத்து இது? நடந்துட்ட பிள்ளையை ஏத்தறதில்லைன்னு உங்க இனத்துல ஒரு வழக்கம் இருக்கா இல்லையா?"

"இருக்கு" என்றாள் காராயி. "இறங்கின பிள்ளையைத் திரும்ப ஏத்தறதில்லை. வாஸ்தவம்தான். ஆனா இவன் என் முதுகிலிருந்து எப்ப இறங்கினான்? இன்னும் ஏறவே இல்லையே!"

முள்ளம்பன்றி சிலிர்த்த முள்ளை மடக்கிக்கொண்டு தன் பொந்தைப் பார்த்து நடந்தது.

மொட்டு கழுத்துப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தது. "அண்ணா, வா. இங்கே இடம் இருக்கு. என் முடியை மட்டும் இழுக்காதே."

குன்றன் ஏறினான். ஏறத் தெரியாமல் ஏறினான். அவனுடைய பின்னங்கால்கள் இரண்டும் தரையைத் தொட்டுக்கொண்டு தொங்கின. காராயி தள்ளாடி எழுந்தாள், ஒரு முறை உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். பிறகு நடக்க ஆரம்பித்தாள். குரங்குகள் சிரித்துச் சிரித்து ஒன்றிரண்டு கீழேயே விழுந்துவிட்டன.

ஆற்றைத் தாண்டி, மேட்டைத் தாண்டி, காராயி தூரத்து மலையை நோக்கிப் போனாள். எங்கே போகிறோம் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல மூச்சு இருந்தால்தானே!

குன்றன் மலையைப் பார்த்தான். நரி சொன்னது நினைவுக்கு வந்தது. கொண்டுபோய் விடத்தான் போகிறாள்! சுமந்துகொண்டு போவதெல்லாம் அதற்குத்தான்! அவன் பயந்துபோய், காராயியின் காதைப் பல் பதியக் கடித்தான். ரத்தம் வந்தது.

மொட்டு வீறிட்டது. காராயி வலியில் துடித்து நின்றாள். உடம்பை ஒரு உலுக்கு உலுக்கினால் போதும், அவன் கீழே விழுந்திருப்பான். அவள் உலுக்கவில்லை.

"வலிக்குது, குன்றா" என்றாள். "கடிக்கக் கூடாது. ஆனா அதுக்காக உன்னை இறக்கிவிட மாட்டேன்."

அவன் பற்கள் மெல்ல விலகின. "அங்கே என்னை விடத்தானே கூட்டிட்டுப் போறீங்க?" என்றான். அவன் குரல் பச்சைக் குட்டியின் குரல்போல் இருந்தது.

"யாரு சொன்னா?"

"நரி."

காராயிக்கு எல்லாம் புரிந்தது. "உன் அம்மா இருந்த மலை அது. தினமும் தனியா உட்கார்ந்து பார்க்கறே. தனியா பார்க்க வேண்டாம், நாங்களும் வர்றோம்னு கிளம்பினேன். உன்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கணும், தப்பு என்னோடதுதான். பார்த்துட்டு வீட்டுக்குத் திரும்பிடுவோம். மூணு பேரும்."

மலைச்சரிவில் புதுப் புல் முளைத்திருந்தது. குன்றன் இறங்கி, மண்ணை மோந்து பார்த்தான். பிறகு, "எங்கம்மா தேன் எடுக்கறப்ப கண்ணை இறுக்கி மூடிக்குவா" என்றான்.

"இன்னும் சொல்லு" என்றாள் காராயி.

அவன் சொன்னான். தாய் எப்படிச் சிரிப்பாள், எந்தப் பழத்தை ஒதுக்குவாள், மழைக்கு எங்கே ஒதுங்குவாள், எல்லாம் சொன்னான். காராயி குறுக்கே பேசாமல் கேட்டாள். மொட்டு மட்டும், "எங்கம்மா கண்ணை மூட மாட்டா, மூக்கைத்தான் மூடிக்குவா" என்று நடுவில் ஒரு வார்த்தை சொல்லிவைத்தது.

திரும்பும்போது ஆற்றங்கரையில் குன்றன், "கொஞ்சம் நில்லுங்க. ஒரு இடம் காட்டறேன்" என்றான். அவனாகவே தன் பாறை இடுக்கைக் காட்டிக்கொடுத்தான். உள்ளே ஒன்றும் இல்லை. வெறும் சருகுதான் கிடந்தது. அதன் மேல் வயிறு புடைக்க நரி படுத்திருந்தது.

"எ... எறும்பு, தம்பி" என்றது நரி.

காராயி ஒரு உறுமல் உறுமினாள். நரி அன்று ஓடிய ஓட்டத்தை இன்றுவரை அந்தக் காட்டில் யாரும் ஓடியதில்லை. அதற்குப் பிறகு பாறை இடுக்கில் யாரும் தேன் வைக்கவில்லை. ஆனாலும் குன்றன் படுக்கும்போது, அவன் தலைமாட்டில் தினமும் ஒரு துண்டு தேனடையைக் காராயியே வைத்தாள். நடுவில் விழித்துப் பார்த்தால் அது அங்கே இருக்க வேண்டும் என்பதற்காக.

வழக்கத்தைப் பார்க்காமல், இறங்கினாலும் மறுபடி ஏற்றிக்கொண்டு, அப்படி ஒரு மழைக்காலம் முழுவதும் அவள் அவனைச் சுமந்தாள். அவனும் வளர்ந்துகொண்டே போனான். இருவரையும் தூக்கிக்கொண்டு மேடு ஏறினால், அவள் மூச்சு வாங்கும் சத்தம் அக்கரைக்குக் கேட்கும். குரங்குகள்கூடச் சிரித்து அலுத்து, சும்மா இருந்துவிட்டன.

ஒரு நாள் குகைக்கு ஏறும் கடைசி மேட்டில், முதுகிலிருந்து ஒரு குரல் வந்தது. அதற்கு முன்னால் செருமல் எதுவும் இல்லை.

"அம்மா, உனக்கு ரொம்ப மூச்சு வாங்குது. நான் இறங்கி நடக்கட்டுமா?"

காராயி நின்றாள். கண்ணீர் மூக்குவரை வழிந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"வீடு வரைக்கும் இரு, சாமி" என்றாள்.

நீதி: எவ்வளவு வளர்ந்து வந்த பிள்ளையானாலும், வந்த வீட்டில் அது அன்றுதான் பிறக்கிறது.